கென்யா விற்றது, சூடான் வாங்கியது, குன்னூர் குடித்தது

ஆப்பிரிக்காவில் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு விற்ற தேயிலைக்குக் குன்னூரில் பஞ்சாயத்து நடந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்துப் பையன்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கென்யாத் தேயிலை நம் தேயிலையை வெளிநாட்டுச் சந்தையில் எப்படி முந்துகிறது என்று பேச்சு வந்தபோது நான் அந்தக் கதையை எடுத்தேன். "ஏனுங்க சார், கென்யாக்காரனும் சூடான்காரனும் சண்ட போட்டா நம்ம ஊருக்கு என்னுங்க வந்துச்சு?" என்று ஒருவன் சிரித்தான். கிழவன் கதை விடுகிறான் என்று மற்றவர்களும் நினைத்திருப்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு தேயிலைத் தரகு நிறுவனத்தில் மாதிரி அறையைப் பார்த்துக்கொண்டவன். ஏலத்துக்கு வரும் தேயிலைகளின் மாதிரிகள் டின்களில் வந்து சேரும் அறை அது. சாவி என் இடுப்பில் இருக்கும். என் அப்பா ஈரோட்டுப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து குன்னூரில் மளிகைக் கடை வைத்தவர். யாராவது கடைக்குள் நுழைந்தால் முதலில் கையைப் பார்ப்பார், பிறகுதான் முகத்தைப் பார்ப்பார். சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. வேறு சொத்து கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் டின் துடைத்தேன், சீட்டு ஒட்டினேன், திட்டு வாங்கினேன். பயிற்சி என்று தனியாக ஒன்றும் இல்லை. ஆனால் என் குணத்துக்கு ஏற்ற வேலை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. கோத்தகிரிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று அனுப்பும் மாதிரி எப்போதும் அருமையாக இருக்கும். சரக்கு வாங்கியவர்கள் மட்டும் முணுமுணுப்பார்கள். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அவர்கள் கிடங்குக்குப் போய், ஒரு பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்க்கச் சொன்னேன். மேலே கருகருவென்று முறுக்கிய இலை, அடியில் பழுப்பு நாரும் குச்சியும். அந்தத் தொழிற்சாலைக்காரர் என்னிடம், "உங்களுக்கு மனுசங்க மேல நம்பிக்கையே இல்லீங்களா?" என்று கேட்டார். "சம்பளம் அதுக்குத்தானுங்க குடுக்கறாங்க" என்றேன். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட பெருமையை இன்றும் மறைக்க விரும்பவில்லை.

மாதிரி அறைக்கு அடுத்தது ருசி பார்க்கும் கூடம். இரண்டுக்கும் நடுவே சுவரில் ஒரு சின்னத் திறப்பு, அதற்கு மரப்பலகைக் கதவு. கூடத்தில் வடக்கு ஜன்னலை ஒட்டி நீளமான மேடை. மேடையின் ஒரு முனை வாசல் பக்கம், மறுமுனையில் வெந்நீர்க் கெண்டி கொதிக்கும் அடுப்பு. மேடை மீது மூடிபோட்ட வெள்ளைப் பீங்கான் குவளைகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் பிடியில்லாத கிண்ணம். தராசில் நிறுத்த இலையைக் குவளையில் போட்டு, கொதிநீரை ஊற்றி, மூடி, மணி அடித்ததும் குவளையைக் கிண்ணத்தின் மேல் சாய்ப்பார்கள். சாறு கிண்ணத்தில் இறங்கும். வெந்த இலையை மூடியைக் கவிழ்த்து அதன்மேல் வைப்பார்கள். ருசி பார்ப்பவர் கரண்டியால் எடுத்து சர்ரென்று உறிஞ்சி, வாயில் சுழற்றி, பக்கத்தில் உருட்டிவரும் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்ததற்குப் போவார்.

அந்தக் கூடத்துக்குள் வாசனை கூடாது. தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது, தலைக்கு வாசனை எண்ணெய் கூடாது, சளி பிடித்தால் தைலம் தடவக்கூடாது. நீலகிரியில் பிறந்து தைலம் தடவாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒருமுறை மேனேஜரே ஷேவிங் லோஷன் போட்டுக்கொண்டு வந்து வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டார்.

அனுப்பியவர் குருவில்லா சார். எங்கள் தலைமை ருசியாளர். கோட்டயத்துக்காரர், ஒல்லி மனிதர், மழையோ வெயிலோ ஒரே சாம்பல் நிறக் கோட்டு. வேலை நாட்களில் வெங்காயம் தொடமாட்டார். காப்பியை அவர் பேச்சில்கூட நான் கேட்டதில்லை. கிண்ணத்தை முதலில் விரலின் பின்புறத்தால் தொட்டுச் சூடு பார்ப்பார், பிறகு வெந்த இலையை மூக்கருகே கொண்டு போவார், அதற்குப் பிறகுதான் கரண்டி. எந்தத் தேயிலையையும் மோசம் என்று சொன்னதில்லை. "இது களைச்சுப் போச்சு" என்பார், "இது பேச மாட்டேங்குது" என்பார். ருசி பார்க்கும்போது என் முகத்தை மட்டும் பார்க்கவே மாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "எந்த டின் யாருடேதுன்னு உனக்குத் தெரியும். உன் முகம் சத்தமா பேசும் பழனிசாமி" என்றார். என்னையே சந்தேகப்படுகிறவரை எனக்குப் பிடித்துப்போனது.

சிலோனிலிருந்து கப்பலில் வந்திறங்கிய குடும்பங்கள் லாரி லாரியாக மலையேறிக்கொண்டிருந்த காலம் அது. ஓவேலியிலும் கோத்தகிரியிலும் சர்க்கார் போட்ட புதுத் தேயிலைத் தோட்டங்களில் அவர்களுக்கு வேலை கொடுத்தார்கள். இடம் கிடைக்காதவர்களைக் கீழே நூற்பாலைகளுக்கு அனுப்பினார்கள். நாங்கள் முன்னால் வந்தவர்கள், அவர்கள் பின்னால் வந்தவர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் குன்னூரில் கோழி காணாமல் போனாலும் 'சிலோன்காரங்க வேலை' என்றுதான் சொன்னோம். நானும் சொன்னேன்.

அப்படி வந்தவள்தான் தெய்வானை. அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் ருசி அறையில் கோப்பை கழுவிய அனுபவம் இருப்பதாகச் சொன்னாள். குருவில்லா சார் அவளைக் கோப்பை கழுவவும் கெண்டியைப் பார்த்துக்கொள்ளவும் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார். அவள் கணவன் முத்தையாவுக்கு நெஞ்சுச்சளி, ஓயாத இருமல். அவர்கள் பெயர் நூற்பாலைப் பட்டியலில் இருந்தது. பஞ்சுத் தூசிக்குள் போனால் ஆள் தேறமாட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். குன்னூரில் வேலை இருக்கிறது என்று அவள் காட்டியதால்தான் அந்தக் குடும்பத்தை மலையில் விட்டு வைத்திருந்தார்கள். இந்த வேலை போனால் மறுவாரமே கீழே இறங்க வேண்டும், இறங்கினால் முத்தையா ஆலைக்குள் போக வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவளும் மறைக்கவில்லை. "என்னைய நெரந்தரமாக்கிட்டா போதும் கிளாக்கரையா, வேற ஒண்ணும் வேணாம்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். தோட்டத்து வழக்கத்தில் என்னைக் கிளாக்கரையா என்றுதான் கூப்பிடுவாள்.

இனி ஆப்பிரிக்கா. கென்யாவில் ஒரு நிறுவனம் சூடானில் ஒரு வியாபாரிக்குத் தேயிலை விற்றது. விற்கும்போது ஒரு மாதிரி காட்டினார்கள். சரக்கு மொம்பாசாவில் கப்பலேறி சூடான் துறைமுகத்தில் இறங்கியது. பெட்டியைத் திறந்த வியாபாரி, காட்டிய தேயிலை வேறு, வந்த தேயிலை வேறு என்று சொல்லிவிட்டார். நல்ல சரக்கைத்தான் ஏற்றினோம், அங்கே விலை இறங்கியதும் அவர்கள் மாற்றிவிட்டுப் புகார் சொல்கிறார்கள் என்றார்கள் கென்யாக்காரர்கள். மொம்பாசாவில் ருசி பார்ப்பதை வாங்கியவர் ஒப்பவில்லை. லண்டனில் பார்க்கலாம் என்றால், விற்ற நிறுவனத்துக்கே லண்டனில்தான் முதலாளி. கடைசியில் இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த ஒரே பெயர் குருவில்லா. அவர் சில காலம் மொம்பாசாவில் வேலை பார்த்தவர். அவர் நாக்கு சொன்னால் கட்டுப்படுகிறோம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு, முத்திரை வைத்த டின்களோடு ஆளுக்கொரு பிரதிநிதியைக் குன்னூருக்கு அனுப்பினார்கள்.

விற்றவர்கள் பக்கம் வந்தவர் படேல். அவர் தாத்தா காலத்திலேயே மொம்பாசாவில் கடை போட்ட குஜராத்திக் குடும்பம். இனி இந்தியர்களை அங்கே இருக்க விடுவார்களா, எந்த ஊருக்குப் போவது என்ற கவலை அவருக்கு. வாங்கியவர்கள் பக்கம் வந்தவர் உஸ்மான், நெடுநெடுவென்று உயரமானவர், இரண்டு கம்பளிச் சட்டைக்கு மேல் கோட்டுப் போட்டும் நடுங்கினார். இருவரும் ஒரே ஓட்டலில் தங்கினார்கள், ஆனால் சாப்பிட ஒன்றாக உட்காரவில்லை. ஒருவர் டின்னைத் தொட்டால் மற்றவர் எழுந்து நிற்பார். அவர்களைப் பார்த்தபோது என் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

குருவில்லா சார் ஏற்பாட்டைச் சொன்னார். மேடையில் ஐந்து குவளைகள். அதில் இரண்டு தகராறுக்குரியவை: ஒன்று விற்கும்போது காட்டிய மாதிரி, மற்றது சூடானில் இறங்கிய சரக்கின் மாதிரி. மீதி மூன்றும் எங்கள் மலையில் விளைந்த ஒரே கட்டபெட்டுத் தேயிலை, சும்மா இடத்தை நிரப்ப. எது எந்த இடம் என்று எனக்கு மட்டும் தெரியும். நான் மாதிரி அறைக்குள் இருந்தபடி "ஒண்ணு", "ரெண்டு" என்று சொல்லி, நிறுத்த இலையைச் சின்னத் தட்டில் திறப்பு வழியே நீட்டுவேன். கூடத்தில் இருப்பவர் அந்தந்தக் குவளையில் போடுவார், மற்றவர்கள் அதுவரை வெளியே நிற்பார்கள். வழக்கமாகக் குவளைக்குப் பின்னால் நிற்கும் டின் அன்றைக்கு இருக்காது. குருவில்லா சார் குடித்து முடித்துச் சொன்ன பிறகு நான் டின்களை எடுத்து வந்து, முதல் குவளையிலிருந்து வரிசையாகப் பின்னால் வைப்பேன். அப்போதுதான் எது எது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் போதாது, இரண்டு நாள் பார்ப்போம், இரண்டாம் நாள் பழனிசாமி இடத்தை மாற்றிக்கொள்ளட்டும் என்றார். வரிசையை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் எவனாவது பார்ப்பான்.

முதல் நாள் குவளைகளில் இலை போட்டவர் பெள்ளி. எங்கள் கூடத்தில் பழைய ஆள், ஜெகதளாப் பக்கத்துக்காரர், நீலகிரியின் படகர் இனத்தவர். குருவில்லா சார் குடித்தார். ஒரு கிண்ணத்தில், "இது நல்லாப் பேசுது" என்றார். இன்னொன்றில் சற்று நின்று, மறுபடி உறிஞ்சி, "இதும் அந்த நாட்டுதுதான். ஆனா களைச்சுப் போச்சு" என்றார். நான் டின்களை வைத்தேன். களைத்தது, சூடானில் இறங்கிய சரக்கு. உஸ்மான் மெல்லத் தலையாட்டினார். படேல் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். மொம்பாசாவில் கூட வேலை பார்த்த தன் பழைய நண்பர்களுக்கு எதிராகச் சொல்லிவிட்ட குருவில்லா சார் வாயைக் கொப்பளித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அன்று மாலை நான் மாதிரி அறையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது கேட்டருகே ஒரு காட்சி. தெய்வானையை அழைத்துப்போக முத்தையா வந்து நின்று இருமிக்கொண்டிருந்தான். படேல் அவர்களிடம் போனார். கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துத் தெய்வானையிடம் கொடுத்தார். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு அதைக் கையில் எடுத்துப் போகாமல், கூடத்துக்குப் பின்னால் இருக்கும் விறகுக் கொட்டகைக்குள் போய் வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. தோற்கப்போகிற பக்கத்து ஆள், வேலைக்குத் தவிக்கிற பெண், ஒளித்து வைத்த பொட்டலம். அவர்கள் போனதும் கொட்டகைக்குள் போய்த் தேடினேன். உத்தரத்து இடுக்கில் இருந்தது. பிரித்தால் கிராம்பு. எண்ணெய் கசியும் தடித்த ஜான்சிபார்க் கிராம்பு. ஒரு கிராம்பைக் கடித்தால் நாக்கு மரத்துப்போகும் என்பது பல்வலி வந்த எவருக்கும் தெரியும். ருசியாளரின் நாக்கை மரக்கவைக்க இதைவிட வேறென்ன வேண்டும்? நான் பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டேன். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் படகர்களின் ஹெத்தைப் பண்டிகைக்கு பெள்ளி ஊருக்குப் போய்விட்டார். இலை போட வேறு ஆள் இல்லை. "தெய்வானை போடட்டும்" என்றார் குருவில்லா சார். பிடிக்க இதுவே சமயம் என்று நான் தடுக்கவில்லை. இரண்டு ஆப்பிரிக்க மாதிரிகளையும் இம்முறை வரிசையின் இரு முனைகளில் வைப்பதென்று மனதில் முடிவு செய்துகொண்டேன்: முதல் குவளையில் சூடானில் இறங்கியது, கடைசிக் குவளையில் விற்கும்போது காட்டியது. திறப்பின் பலகைக் கதவைக் கொஞ்சம் மட்டும் திறந்து தட்டுகளை நீட்டினேன். அவள் கை மட்டும் எனக்குத் தெரிந்தது. கையில் ஒன்றும் இல்லை.

குருவில்லா சார் வாசல் முனையிலிருந்து ஆரம்பித்தார். முதல் கிண்ணத்தை உறிஞ்சியதும், "நேத்து நல்லாப் பேசினது இதுதான்" என்றார். நடுவில் கட்டபெட்டு மூன்றையும் கடந்து கடைசிக்குப் போனார். "இது களைச்சது." நான் டின்களை வாசல் முனையிலிருந்து வைத்துக்கொண்டே போனேன். கடைசி டின்னை வைத்ததும் படேலும் உஸ்மானும் மேடையருகே வந்து குனிந்தார்கள். நன்றாகப் பேசியது சூடானில் இறங்கிய சரக்கு. களைத்தது, விற்கும்போது காட்டிய மாதிரி. நேற்றுச் சொன்னதற்கு நேர் எதிர்.

உஸ்மான் இங்கிலீஷில் ஏதோ உரக்கச் சொன்னார். எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை, மொம்பாசா. குருவில்லா சார் பழைய நண்பர்களுக்காக நாக்கை மாற்றிக்கொண்டார் என்கிறார் என்பது அவர் கையை நீட்டிய விதத்திலேயே தெரிந்தது. குருவில்லா சார் கரண்டியைக் கீழே வைத்தார். அப்போது நான் மேனேஜரைத் தனியே கூப்பிட்டுக் கிராம்பைப் பற்றிச் சொன்னேன். பார்த்ததைச் சொல்வதுதான் என் வேலை.

மேனேஜர் பொட்டலத்தை எடுத்துவரச் செய்து மேசை மேல் வைத்தார். தெய்வானையைக் கூப்பிட்டார்.

"இது யாரு குடுத்தது?"

"அந்த ஐயா குடுத்தாருங்க. அவரு தெனம் சுடுதண்ணி கேப்பாரு, நான் குடுப்பேன். நேத்து எங்க ஆளு இருமுனதைப் பாத்துட்டு, இதைக் கடிச்சுக்கச் சொல்லிக் குடுத்தாரு."

"புருசனுக்குன்னா வீட்டுக்குக் கொண்டு போக வேண்டியதுதானே? எதுக்கு ஒளிச்சு வச்சே?"

"ரெண்ட அங்கயே அவரு வாயில போட்டுக்கக் குடுத்துட்டேனுங்க. மீதிய எங்க ஒத்த ரூமுல வச்சா எஞ் சேலையெல்லாம் வாசம் ஏறி காலையில வரைக்கும் போகாது. அந்த வாசத்தோட கூடத்துக்குள்ள எப்புடி வாறது? அவரு கூப்புட வாற சாயங்காலமெல்லாம் ரெண்டு ரெண்டா எடுத்துக் குடுக்கலாமுன்னு வெறகுக் கொட்டாயில வச்சேன்."

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலீங்களே ஐயா."

அவள் சொன்னது பொருந்தித்தான் இருந்தது. பொருந்திப் போகிற பதில்தான் எனக்கு எப்போதும் அதிகச் சந்தேகம் தரும். மேனேஜரும் நம்பவில்லை. "தண்ணியில போட்டிருப்பா. சாருடைய நாக்கு மரத்துப் போயிருக்கும்" என்றார். குருவில்லா சார் அப்போதுதான் வாயைத் திறந்தார். "கிராம்பு இருந்தா எனக்குத் தெரியாதா?" "மரத்த நாக்குக்கு மரத்தது எப்படிங்க சார் தெரியும்?" என்றார் மேனேஜர். சாருக்கு அது பெரிய அவமானம். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

"சனிக்கிழமையோட கணக்க முடிச்சு அனுப்பிரலாம்" என்று மேனேஜர் முடித்தார். தெய்வானை அழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அவரு ஆலைக்குப் போனா செத்துருவாருங்க ஐயா" என்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

அன்று இரவு முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்காக இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு விஷயம் உறுத்தியது. தெய்வானையைக் குற்றவாளி ஆக்கினால் குருவில்லா சாருக்கு நல்லது. அவர் நண்பர்களுக்குச் சாய்ந்தார் என்ற பேச்சு அடங்கிவிடும், அவள் தண்ணீரைக் கெடுத்தாள் என்று ஊர் பேசும். அதனால்தான் அவர் சும்மா இருந்தாரோ? இத்தனை வருடம் கூடவே இருந்த மனிதரையும் நான் அன்றைக்குச் சந்தேகப்பட்டேன்.

காலையில் வந்ததும் குருவில்லா சார் மேனேஜரிடம், "அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு வரிசை அவளை வச்சே போடுவோம். எல்லாரும் இருக்கட்டும்" என்றார். படேலும் உஸ்மானும் சுவரோரம் நின்றார்கள். பண்டிகை முடிந்து பெள்ளியும் வந்திருந்தார். சார் அந்தத் திறப்பின் பலகைக் கதவைக் கழற்றச் சொன்னார். எனக்கு இப்போது மேடை முழுவதும் தெரிந்தது. "நேத்து மாதிரியே குடு. ஒண்ணும் பேசாதே" என்றார் என்னிடம். தெய்வானையிடமும், "நேத்து செஞ்ச மாதிரி செய்மா" என்று மட்டும் சொன்னார்.

"ஒண்ணு" என்று முதல் தட்டை நீட்டினேன். அவள் வாங்கினாள். வாசல் முனையில் இருந்த குவளையைத் தாண்டினாள். அடுத்ததையும் தாண்டினாள். நேரே அடுப்பு முனைக்குப் போய், கெண்டிக்குப் பக்கத்தில் இருந்த குவளையில் இலையைப் போட்டுவிட்டு வந்து அடுத்த தட்டுக்குக் கை நீட்டினாள்.

"ஏய், அது கடைசியல்லா!" என்று பெள்ளி கத்திவிட்டார்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "இதுதானுங்களே மொதல்?"

"மொதலு வாசப்பக்கம்மா!"

"கெண்டிப் பக்கந்தானே மொதக் கோப்ப? சிலோன்ல எங்க டீமேக்கரையா கெண்டிப் பக்கமிருந்துதான் குடிச்சுக்கிட்டு வருவாரு. தண்ணி மொதல்ல ஊத்துறது அங்கதானே?"

முதல் நாள் பெள்ளி வாசல் பக்கமிருந்து போட்டார், இரண்டாம் நாள் இவள் அடுப்புப் பக்கமிருந்து போட்டாள். நான் டின்களை இரண்டு நாளும் வாசல் பக்கமிருந்துதான் வைத்தேன். இரு முனைகளிலும் இருந்த மாதிரிகள் அப்படியே இடம் மாறிவிட்டன. நடுவே இருந்த மூன்றும் ஒரே தேயிலை என்பதால் அங்கேயும் வித்தியாசம் தெரியவில்லை. சாரின் நாக்கு இரண்டு நாளும் ஒன்றையேதான் சொல்லியிருக்கிறது. எங்கள் கூடத்தில் முதல் குவளை எது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்ல வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை, முதல் என்றால் முதல்தானே என்று இருந்துவிட்டோம். கோப்பை கழுவ வந்தவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

குருவில்லா சார் உடனே மறுபடி ஒரு வரிசை போடச் சொல்லி, எல்லோர் கண்ணெதிரிலும் குடித்தார். சூடானில் இறங்கிய சரக்குக் களைத்ததுதான் என்று மூன்றாம் முறையும் சொன்னார். முடிவு கென்யாக்காரர்களுக்கு எதிராகப் போனது. படேல் அவரிடம் கைகொடுக்காமல் கிளம்பினார். கேட்டருகே தெய்வானையைப் பார்த்ததும் நின்று, மேசையிலிருந்து எடுத்து வந்த கிராம்புப் பொட்டலத்தை மறுபடி அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். சார் நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு பழியை அவள்மேல் விட்டிருக்கலாம், நண்பர்களும் மிஞ்சியிருப்பார்கள். "உங்களுக்கு எப்படிங்க சார் தோணுச்சு?" என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தோணல. நான் சொன்னது தப்பில்லைன்னு எனக்குத் தெரியும். அவ சொன்னதும் நெஜம் மாதிரிதான் கேட்டுது. ரெண்டும் சரின்னா நடுவுல என்ன நடக்குதுன்னு பாக்கணும்னு நினைச்சேன்" என்றார். அவரைச் சந்தேகப்பட்டதை அவரிடம் நான் சொல்லவில்லை.

கென்யாக்காரர்கள் உண்மையிலேயே மட்டமான சரக்கை ஏற்றினார்களா, துறைமுகத்தில் மழையில் நனைந்து கெட்டதா, சூடானில் எவனாவது மாற்றினானா என்பது கடைசிவரை தெரியவில்லை. நாக்கு எது களைத்தது என்று சொல்லும், யார் களைக்கவைத்தார்கள் என்று சொல்லாது. எனக்கு இன்றும் மழை உட்பட மூன்று பேர் மேலும் சந்தேகம்தான்.

தெய்வானை நிரந்தரமானாள். முத்தையா மலையிலேயே இருந்தான், இருமினாலும் இருந்தான். ஆனால் மேனேஜருக்கு மனம் ஆறவில்லை. இவ்வளவு பெரிய குழப்பம் வெறும் பழக்கத்தால் வந்ததா என்று அவரால் நம்ப முடியவில்லை. இனி தெய்வானை இலை போடும்போதெல்லாம் வாசலருகே ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பெரும்பாலும் அந்த ஒருவர் நான்தான். பெள்ளி ஓய்வு பெற்ற பிறகு இலை போடும் வேலை முழுவதும் அவளுடையதானது. வருடக்கணக்காக அவள் போட்டாள், நான் நின்றேன். ஒருமுறைகூடப் பிசகவில்லை. ஆரம்பத்தில் எனக்கு அது கடமை. போகப் போகக் கூச்சமாகிவிட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு புது மேனேஜர் வந்தார். பழைய கதை எதுவும் தெரியாதவர். காலையில் நான் வாசலில் நிற்பதைப் பார்த்து, "இங்க என்ன பண்றீங்க, வேற வேலை இல்லையா? நாளையிலிருந்து நிக்க வேண்டாம்" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏதோ நானே அவளுக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டது போல நேரே கூடத்துக்குப் போனேன். அவள் குவளைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"தெய்வான, இனிமேல் நான் வந்து நிக்கறதில்லீங்க. உத்தரவே வந்திருச்சு. நீங்களே நிம்மதியாப் போட்டுக்குங்க" என்றேன். அவளை நான் 'நீங்க' என்று சொன்னது அன்றுதான் முதல்முறை.

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"வேணாங்க கிளாக்கரையா. நீங்க நில்லுங்க."

"எதுக்கும்மா? உங்க மேலதான் இப்ப யாருக்கும் சந்தேகம் இல்லியே?"

"இன்னைக்கு இல்லீங்க. நாளைக்கு எந்த நாட்டு டீயாவது பிசகிருச்சுன்னா மொதல்ல என்னையத்தான் கூப்புட்டுக் கேப்பீங்க. அப்ப நான் பிசகலன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு ஆளு வேணாமா?"

புது மேனேஜர் திட்டினால் திட்டிக்கொள்ளட்டும் என்று வாசலருகே போய் நின்றேன். அவள் தட்டை எடுத்தாள். அன்றைக்கு நான் ஜன்னலைப் பார்க்கவில்லை, அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.